சூரிய வாயுமண்டல ஆராய்ச்சியில் ராக்கெட்டுகள்

சூரியனுடைய வாயுமண்டலத்தின் மேலடுக்குகள் தம் இயல்பைப் புற ஊதாக் கிரணங்களிலும் எக்ஸ் கிரணங்களிலுமே மிகத் தெளிவாக வெளிப்படுத்துகின்றன. ஆயினும் சுமார் 2,900 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைந்த அலைகளை ஓசோனும் ஏனைய வாயுக்களும் தடுத்துவிடுவதால், மலைச்சிகரத்தில் அமைந்த தொலைநோக்கிக்கும் அவை எட்டுவதில்லை. வட்டப்பாதையை அடையாமல் மேலேறி, காற்றுக்கு அப்பால் சில நிமிஷங்களே சஞ்சரித்து மீளும் ஆய்வு ராக்கெட்டே இத்தடையை முதலில் கடந்த சாதனம்.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மனியிடமிருந்து கைப்பற்றப்பட்ட வி-2 ராக்கெட்டுகள் நியூ மெக்ஸிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் பாலைவனத்திலிருந்து ஏவப்பட்டபோது, அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் டௌசியின் குழு அவற்றில் நிறமாலைக் கருவியைப் பொருத்தியது. 1946 ஜூனில் மூக்குப் பகுதியில் வைத்த கருவி, ராக்கெட் தலைகீழாகப் பாய்ந்து மண்ணில் புதைந்தமையால் அழிந்தது. அக்டோபர் 10 அன்று கருவியை வால் சிறகில் அமைத்து, இறங்கும்போது முன்பகுதியை வெடிவைத்துப் பிரித்தனர். வேகம் தணிந்து விழுந்த பகுதியிலிருந்து படச்சுருள் பழுதின்றிக் கிடைத்தது. ராக்கெட் சுழன்றாலும் சூரிய ஒளி உட்புகும்படி, பிளவுக்குப் பதிலாக லித்தியம் ஃபுளோரைடால் ஆன சிறு மணிகளை வைத்திருந்தது அவர்களுடைய நுண்ணறிவுக்குச் சான்று. உயரம் ஏற ஏற ஓசோனின் திரை விலகி, நிறமாலை சுமார் 2,200 ஆங்ஸ்ட்ராம் வரை நீள்வது அச்சுருளில் படிப்படியாகப் பதிவாகியிருந்தது.

1949-இல் ஹெர்பர்ட் ஃப்ரீட்மன், கைகர் எண்ணிகளின் துணையால் சூரியனிடமிருந்து எக்ஸ் கிரணங்கள் வருவதை ஐயமற நிலைநாட்டினார். இத்துறையின் சோதனைகளுள் யான் தலையாயதாகக் கருதுவது அவர் குழு 1958 அக்டோபர் 12-ஆம் நாள் நிகழ்ந்த பூரண சூரிய கிரகணத்தின்போது, பசிபிக் சமுத்திரத்தில் ஒரு கடற்படைக் கப்பலின் தளத்திலிருந்து அடுத்தடுத்து ராக்கெட்டுகளை ஏவி நடத்திய சோதனையே. சந்திரன் சூரிய பிம்பத்தை முற்றும் மறைத்தபோது ஹைட்ரஜனின் லைமன்-ஆல்ஃபா ஒளி அநேகமாக அற்றுப்போக, எக்ஸ் கிரணங்களில் கணிசமான பகுதி எஞ்சி நின்றது. முன்னது வட்டத்தை ஒட்டிய வர்ணமண்டலத்திலும், பின்னது பத்து லட்சம் டிகிரி உஷ்ணமுள்ள கரோனாவிலும் பிறப்பதை இதைவிடத் தெளிவாக மெய்ப்பிப்பது அரிது.

1960-இல் ஊசித்துளைக் காமிராவால் சூரியனின் முதல் எக்ஸ் கிரணப் படம் எடுக்கப்பட்டது. ராக்கெட்டின் சுழற்சியால் அது கலங்கியிருந்தது. 2012 ஜூலை 11 அன்று பறந்த ஹை-சி தொலைநோக்கியோ, சுமார் ஐந்து நிமிஷத்தில், கரோனாவில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் அளவுள்ள நுட்பங்களைப் பிரித்துக் காட்டி, பின்னிக்கிடக்கும் காந்த இழைகளைப் புலப்படுத்தியது.

துணைக்கோள்கள் பெருகிய பின்னரும் இவ்வழி கைவிடப்படவில்லை. வருஷக்கணக்கில் கடுமையான கிரணங்களில் நனையும் துணைக்கோள் கருவிகளின் உணர்திறன் மங்கிவிடுமாதலால், ஆய்வுக்கூடத்தில் அளவிட்டுத் தயாரித்த அதேபோன்ற கருவியை ராக்கெட்டில் அனுப்பி, ஏககாலத்தில் இரண்டின் அளவுகளையும் ஒப்பிட்டுத் திருத்தம் செய்கின்றனர். 2010-இல் ஏவப்பட்ட சூரிய இயக்கவியல் ஆய்வுக்கோளின் புற ஊதா அளவைக் கருவி இவ்வாறே சரிபார்க்கப்பட்டு வந்தது.