தடையை விதித்தவர் யார்? 1936 பிரகடனமும் செயப்பாட்டுவினையும்

ஆங்கிலச் செயப்பாட்டுவினையைப் பள்ளியில் ஒரு வாய்பாடாகவே கற்றோம். செயப்படுபொருளை எழுவாயாக்குக, 'பீ' துணைவினையைக் காலத்திற்கேற்ப அமைக்க, முதன்மை வினையின் மூன்றாம் வடிவத்தைச் சேர்க்க, வினைமுதலைப் 'பை' என்னும் சொல்லோடு இறுதியில் எழுதுக, வேண்டாவெனில் விட்டுவிடுக. வரலாற்று மாணவர் நின்று நோக்க வேண்டியது இவ்விறுதி விதியைத்தான்.

திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மா 1936 நவம்பர் 12 அன்று வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனத்தின் ஆங்கில வடிவம் நீண்ட ஒரே வாக்கியமாகும். அதன் முதன்மை வினைகள் செய்வினைகள்: மன்னர் முடிவு செய்கிறார், அறிவிக்கிறார், ஆணையிடுகிறார். கோயில்கள் யாருடைய கட்டுப்பாட்டில் உள்ளவை, வழிபாட்டு விதிகள் யாரால் வகுக்கப்படும் என்னும் இடங்களில் செயப்பாட்டுவினை வருகிறது. அங்கே 'நம்மால்' என்று வினைமுதல் தவறாமல் நிற்கிறது. ஆனால், சமய ஆறுதல் குடிகளுக்கு மறுக்கப்படலாகாது, இனித் தடை விதிக்கப்படலாகாது என்னும் இடங்களில் வினைமுதல் இல்லை. அதிகாரத்திற்கு உரியவர் உண்டு. மறுப்பிற்கு உரியவர் இல்லை.

இதனைக் கரவு என்று உடனே தீர்ப்பளிப்பது பொருந்தாது. வினைமுதலைச் சுட்டாத தடை நீக்கம் அனைவரையும் கட்டுப்படுத்தும். அரசரோ அதிகாரியோ ஊராரோ, எவரும் இனித் தடுக்க இயலாது. சட்டமொழி வேண்டுவதும் இவ்விரிவே. வருங்காலத்தை நோக்கிய ஆணைக்கு வலிமை தருகிற அதே அமைப்பு, கடந்தகாலத்தைப் பேசும்போது பொறுப்பை மறைக்கிறது என்பதே என் வாதம்.

குறை இலக்கணத்தினுடையதன்று. செயப்படுபொருளையே செய்ததுபோலக் கூறும் வழக்கைத் தொல்காப்பியமும் ஏற்கிறது. உரையாசிரியர் காட்டும் 'திண்ணை மெழுகிற்று' என்பதில் மெழுகியவர் இல்லை. திராவிட மொழிகளில் உண்மையான செயப்பாட்டுவினை இல்லை என்று 1856இல் எழுதிய கால்டுவெல், 'படு' என்னும் துணைவினையின் துன்புறுதல் பொருளைக் கவனித்தார். இன்றைய நம் ஆய்வுரைநடையிலோ 'படு' பெருகியுள்ளது; துன்புற்றவரும் தெரிவதில்லை, துன்புறுத்தியவரும் தெரிவதில்லை.

'1936இல் கோயில்கள் திறந்துவிடப்பட்டன' என்று எளிதாக எழுதிவிடுகிறோம். இவ்வாக்கியத்தில் இருவர் மறைகின்றனர். நூற்றாண்டுகளாகக் கதவை அடைத்து வைத்த அரசும் கோயில் நிர்வாகமும் உயர்சாதியினரும் ஒருபுறம். 1924-25இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்காகப் போராடிச் சிறை சென்றோரும், அன்று திருவிதாங்கூரில் இருந்த சுசீந்திரத்தில் போராடியோரும் மறுபுறம்.

ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. 'பட்டது' என்று எழுதியதும் 'யாரால்?' என்று கேளுங்கள். விடை தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிடில் ஆவணக்காப்பகத்தில் தேடத் தொடங்க வேண்டிய இடம் அதுவே.