ஸ்டேஷன் தஸ்தாவேஜும் எல்லைத் தமிழரும்

வாளையாற்றிலிருந்து கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் என்று தெற்கே செல்லும் பாலக்காட்டு எல்லையிலும், மறையூர், வட்டவடை, மூணாறு, பூப்பாறை, குமுளி என்று மலைமுகட்டை ஒட்டிக் கிடக்கும் இடுக்கிப் பிரதேசத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களில் ஒன்று, தன் முன்னோர் காலத்தில் நடந்த கலகத்தையோ களவையோ அகால மரணத்தையோ பற்றிய போலீஸ் தஸ்தாவேஜைத் தேட முற்படுமாயின், சம்பவம் எந்த ஊரில் நடந்தது என்பதோடு, அவ்வூர் அன்று எந்த அரசின் கீழ் இருந்தது என்பதையும் முதலிலேயே நிச்சயித்துக்கொள்ள வேண்டும். பாலக்காடு, சென்னை ராஜதானியைச் சேர்ந்த மலபார் ஜில்லாவில் ஒரு தாலுகா. அதை அடுத்த சித்தூரோ, தன் சமஸ்தானத்தின் ஏனைய பாகத்திலிருந்து துண்டுபட்டு, பிரிட்டிஷ் பூமிக்கு நடுவே நின்ற கொச்சி ராஜ்யத்துத் தாலுகா. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கு உரியவை. ஒரே மொழி பேசிய ஜனங்களின் பிராதுகள் இவ்வாறு மூன்று அரசுகளின் கச்சேரிகளில் எழுதி வைக்கப்பட்டன.

இவற்றுள் மலபாரின் சரித்திரமே நமக்கு மிகத் தெளிவாகத் தெரிவது. கம்பெனி ஆட்சியில் சென்னை ராஜதானியெங்கும் வரி தண்டும் தாசில்தாரிடமே போலீஸ் அதிகாரமும் இருந்தது. வரிப் பாக்கிக்காகவும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகவும் குடிகள் சித்திரவதைக்கு ஆளாக்கப்படுகிறார்கள் என்ற முறையீடு இங்கிலாந்துப் பார்லிமெண்ட் வரை எட்டியதன் பேரில் 1854இல் ஒரு விசாரணைக் கமிஷன் நியமிக்கப்பட்டு, அம்முறையீடு உண்மையே என்று மறுவருஷம் அது அறிக்கை செய்தது. அதற்குப் பின்னரே, 1859ஆம் வருஷத்து 24ஆவது சட்டத்தினால், வரிவசூலினின்று பிரிக்கப்பட்ட தனிப் போலீஸ் ஸ்தாபனம் இந்த ராஜதானியில் உண்டாயிற்று. 1861ஆம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டமோ, ஸ்டேஷன் அதிகாரியிடம் வரும் பிராது எழுத்தில் பதியப்படவேண்டும் என்றும், போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்றும் விதித்தது. இன்று நாம் முதல் தகவல் அறிக்கை என்று சொல்லும் காகிதம், குடிகளின் உடம்பில் விழுந்த அடிகளுக்குப் பரிகாரமாகத் தோன்றிய சீர்திருத்தத்தின் வழியில் வந்தது என்பதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். பிராதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கும், பின்னால் அதைத் திரித்துச் சொல்வதற்கும் உத்தியோகஸ்தருக்கு இருந்த சுதந்திரத்தை அந்த எழுத்து ஓரளவேனும் கட்டிப்போட்டது.

ஆனால், எழுதி வைக்கவேண்டும் என்ற விதிக்கும், எழுதியதைக் குடிகள் பார்க்கலாம் என்ற விதிக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட தூரம் இருந்தது. பொதுத் தஸ்தாவேஜைப் பார்வையிட உரிமையுடையவன் அதன் நகலைக் கட்டணம் செலுத்திப் பெறலாம் என்று 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் கூறியிருந்தும், போலீஸ் அறிக்கை பொதுத் தஸ்தாவேஜுதானா என்ற கேள்வி எழுந்தபொழுது, மலபாருக்கும் மேல் நீதிஸ்தலமாக விளங்கிய சென்னை ஹைகோர்ட்டு, ஆறுமுகம் என்பவர் பெயரால் சட்ட நூல்களில் வழங்கும் 1897ஆம் வருஷத்து வழக்கில், புலன்விசாரணையின் நடுவே போலீஸார் அனுப்பும் அறிக்கைகள் அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல என்றும், குற்றம் சாட்டப்பட்டவன் விசாரணைக்கு முன் அவற்றின் நகலைக் கேட்க முடியாது என்றும் தீர்மானித்தது. தன்மேல் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று அறியாமலேயே கூண்டில் ஏறுவது இவ்வாறு சட்டத்தின் சம்மதம் பெற்றதாயிற்று.

மலைமேல் நிலைமை வேறு. ஏலமலைகளின் சூப்பரிண்டெண்டெண்டாகவும் மாஜிஸ்டிரேட்டாகவும் திருவிதாங்கூர் அரசுக்கு ஊழியம் செய்த ஜான் டேனியல் மன்ரோ என்ற வெள்ளையரே, 1877இல் பூஞ்ஞாற்று ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைத் தமக்கெனச் சாசனம் எழுதிப் பெற்றார் என்ற ஒரு செய்தி போதும், தோட்டத்துக்கும் நீதிக்கும் இடையே அங்கே இருந்த நெருக்கத்தை உணர்த்த. சமவெளியிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து அழைத்துவந்த தொழிலாளர், கணக்குத் தீருமுன் மலையிறங்கினால் அது கடன் விவகாரமாகக் கருதப்படாமல் குற்றமாகவே கருதப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1859ஆம் வருஷத்து 13ஆவது சட்டம் அவ்வாறு விதித்ததுபோல, திருவிதாங்கூரிலும் அதை ஒத்த ஒரு சட்டம் நெடுங்காலம் அமலில் இருந்தது. ஆகையால், மூணாற்றுக்கோ வண்டிப்பெரியாற்றுக்கோ வந்து சேர்ந்த ஒரு மூதாதையின் பெயர் பழைய போலீஸ் தஸ்தாவேஜில் அகப்படுமாயின், அது வாரண்டுக்குரிய ஆள் என்ற நிலையில் அகப்படக்கூடும். அதைக் கண்டு அவருடைய சந்ததியார் தலைகுனிய வேண்டியதில்லை. போடிமெட்டுப் பாதையில் பசியோடும் காய்ச்சலோடும் இறங்கிய மனிதனைக் குற்றவாளியாக்கிய சட்டமே தலைகுனியத் தக்கது.

திருவிதாங்கூர்க் காகிதங்களைத் தேடுவோர்க்கு மற்றொரு தடையும் உண்டு: அவை பெரும்பாலும் கொல்லம் ஆண்டைக் கொண்டு தேதியிடப்பட்டவை. 1924 ஜூலையில் மூணாற்றை அழித்த பெருவெள்ளம் மலையாளிகளிடையே தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து வெள்ளம் என்றே வழங்குகிறது. அது கொல்லம் 1099, கர்க்கடக மாதம். கிறிஸ்து ஆண்டில் 824ஐயோ 825ஐயோ கழித்துக் கொல்லம் ஆண்டை அறிந்துகொண்டு விண்ணப்பிப்பவர்க்கே தேடிய காகிதம் கிடைக்கும்.

1956 நவம்பர் 1ஆம் தேதி கேரளம் உருவானபோது, தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் தமிழகத்தோடு சேர்க்கவேண்டும் என்று தமிழர் நடத்திய கிளர்ச்சி பலிக்காமற் போயிற்று. மூன்று அரசுகளின் தஸ்தாவேஜுகளும் பெரும்பாலும் ஒரே அரசின் உடைமையாயின. எனினும் அவை இருக்குமிடம் ஒன்றாகிவிடவில்லை. ஆவணக் காப்பகத்துக்கு ஒப்படைக்கப்பட்ட பழைய காகிதங்களுள் மலபாரைச் சேர்ந்தவற்றைக் கோழிக்கோட்டுக் காப்பகத்திலும், சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் தேடவேண்டும். சித்தூரைச் சேர்ந்தவற்றை எர்ணாகுளத்திலும், மலைத் தாலுகாக்களைச் சேர்ந்தவற்றைத் திருவனந்தபுரத்திலும் தேடவேண்டும். இடுக்கி ஜில்லா பிறந்ததே 1972 ஜனவரி 26ஆம் தேதிதான்; ஆதலால் 1958இல் மூணாற்றுத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது நிகழ்ந்த துப்பாக்கிப் பிரயோகத்தைப் போன்ற சம்பவங்களின் காகிதங்களை நாடுவோர், அம்மலைகள் அன்று கோட்டயம் ஜில்லாவில் அடங்கியிருந்ததை நினைவில் வைக்கவேண்டும்.

குடிகளின் உரிமை மெள்ள மெள்ளவே விரிந்தது. 1955இல் வந்த திருத்தத்தினால் குற்றம் சாட்டப்பட்டவனுக்குப் போலீஸ் அறிக்கையின் நகல் இலவசமாகக் கிடைத்தது; 1973ஆம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டம், தகவல் கொடுத்தவனுக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை உடனே இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்றது; 1975இல், கேரளத்தைச் சேர்ந்தவரான நீதிபதி கே. கே. மாத்யூ, அரசாங்கம் செய்யும் பொதுக் காரியங்களை அறிய ஜனங்களுக்கு உரிமை உண்டென்று ராஜ்நாராயண் வழக்கில் எழுதினார். 2005 அக்டோபர் 12ஆம் தேதி தகவல் அறியும் உரிமைச் சட்டம் முழு அமலுக்கு வந்தது. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றவேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டபோது, தொடர்பு வசதி குறைந்த இடங்களுக்கு 72 மணி நேரம் வரை அவகாசம் தந்தது. பெண்கள், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள் முதலிய உணர்வுநுட்பமுள்ள வழக்குகளை அதனின்று விலக்கியது. கேரளப் போலீஸின் 'துணா' என்னும் இணையதளத்தில் அவ்வறிக்கைகளை இன்று யாரும் பார்க்கலாம்.

எல்லைத் தமிழருக்கு இவ்வுரிமைகளில் மிகவும் வேண்டியது, வாய்மொழியாகக் கொடுத்த தகவலை எழுதியபின் சொன்னவனுக்கே வாசித்துக் காட்டவேண்டும் என்ற விதி. தமிழில் சொல்லப்படும் பிராது மலையாளத்தில் பதியப்படுகிறது. தோட்டத்து லயத்தில் வாழும் ஒரு தாய், மலையாள லிபி அறியாதவள், கைநாட்டு வைக்குமுன் அது தனக்குப் புரியும் மொழியில் வாசிக்கப்படுவதைக் கேட்காவிட்டால், வழக்கின் அஸ்திவாரமே அவள் சொல்லாததன்மேல் எழும்பிவிடலாம். அங்கேயே நகலைக் கேட்டு வாங்கி, மலையாளம் கற்ற பிள்ளை ஒருவனைக் கொண்டு படிப்பித்துக்கொள்வதில் சங்கோசம் கூடாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, சம்பந்தப்படாதவரும் பழைய காகிதங்களைக் கேட்கலாம். ஜில்லாப் போலீஸ் அலுவலகத்தின் பொதுத் தகவல் அதிகாரிக்கு, ஸ்டேஷனின் பெயர், கிரைம் நம்பர், வருஷம் ஆகியவற்றைக் குறித்து, 10 ரூபாய்க்குக் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி எழுதினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்க்கு அந்தக் கட்டணமும் இல்லை. ஏன் கேட்கிறாய் என்று வினவ அதிகாரிக்கு உரிமையில்லை. 30 நாளில் விடை வரவேண்டும். உயிரையோ சுதந்திரத்தையோ பற்றியதானால் 48 மணி நேரத்தில். புலன்விசாரணைக்கு இடையூறாகும் என்று மறுக்கலாமெனினும், விசாரணை நடக்கிறது என்ற ஒன்றே மறுப்பதற்குக் காரணமாகாது என்று டில்லி ஹைகோர்ட்டு 2007இல் பகத்சிங் என்பவர் வழக்கில் கூறியது. 20 வருஷத்துக்கு முற்பட்ட சம்பவமானால் அந்த மறுப்புக்கே இடமில்லை. உளவுப் பிரிவுகளை அரசு இச்சட்டத்தினின்று விலக்கியிருந்தாலும், ஊழலையும் மனித உரிமை மீறலையும் பற்றிய தகவலுக்கு அவ்விலக்கு பொருந்தாது.

விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாமா என்று கேட்போருண்டு. தகவல் சட்டம் ஆங்கிலத்தையும் இந்தியையும் அப்பகுதியின் ஆட்சிமொழியையும் குறிக்கிறது. 1969ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டமோ, தமிழ், கன்னடச் சிறுபான்மையர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களோடும், சிறுபான்மையர் பகுதியென அறிவிக்கப்பட்ட இடங்களின் ஸ்தல அலுவலகங்களோடும் தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தவும், அம்மொழியிலேயே பதில் பெறவும் இடமளிக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால், அவ்விடங்களில் தமிழ் விண்ணப்பம் செல்லத் தக்கதே என்பது என் அபிப்பிராயம். மறுத்தால், 30 நாளுக்குள் மேலதிகாரியிடமும், அதன்பின் 90 நாளுக்குள் திருவனந்தபுரத்திலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்திடமும் மேல்முறையீடு செய்யலாம்.