நெஞ்சு வலியா? சோடா குடித்து நேரத்தை ஓட்டாதீங்க!

நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தால் நம்ம ஊரில் முதலில் சொல்வது 'வாயு' என்றுதான். சோடா குடிப்பார்கள், பூண்டை சுட்டுத் தின்பார்கள், தைலம் தேய்த்துக்கொண்டு படுத்து விடுவார்கள். வாயுவாகவும் இருக்கலாம். ஆனால் மாரடைப்பாக இருந்தால்? அந்த நேரத்தில் இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாக செத்துக்கொண்டிருக்கும். செத்த தசை திரும்ப வராது.

உடம்பு முழுக்க ரத்தம் அனுப்பும் இதயத்துக்கு, கரோனரி என்ற சிறிய குழாய்கள் வழியாகத்தான் ரத்தம் கிடைக்கிறது. அந்தக் குழாய்க்குள் கொழுப்பு வருஷக்கணக்கில் படிகிறது. வலி எதுவும் தெரியாது. அடைப்பு அதிகமான பிறகுதான் மாடி ஏறும்போதோ, மூட்டை தூக்கும்போதோ நெஞ்சு இறுக்கும். உட்கார்ந்தால் சரியாகி விடும். 'சரியாயிடுச்சே' என்று விட்டு விடுவதுதான் ஆபத்து. படிந்த கொழுப்பு ஒருநாள் வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து குழாய் அடைபட்டால் மாரடைப்பு.

அறிகுறிகள் என்ன?

நெஞ்சின் நடுவில் பாறாங்கல்லை வைத்த மாதிரி பாரம். இடது கை, தோள், தாடைக்கு வலி பரவும். குப்பென்று வியர்க்கும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல், வெறும் களைப்பும் மூச்சிரைப்புமாகக் கூட வரலாம். ஏப்பம் வந்து விட்டதால் வாயு என்று முடிவு கட்டக்கூடாது. ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை செய்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். தானே பைக் ஓட்டிக்கொண்டு போகாமல் 108-க்கு போன் செய்ய வேண்டும்.

தமிழக அரசு 2023-ல் 'இதயம் காப்போம்' திட்டத்தை தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரைகளை முதல் டோசாக கொடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுதான் இது. அதற்காக மெடிக்கலில் தானாக வாங்கி விழுங்கக்கூடாது.

52 நாடுகளில் நடத்தி 2004-ல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வில், முதல் மாரடைப்பு மற்ற நாட்டினருக்கு 59 வயதுவாக்கில் வர, நம் தெற்காசியப் பகுதியினருக்கு 53 வயதிலேயே வந்தது. மகள் கல்யாணம், மகன் படிப்பு என்று செலவு நிற்கும் வயசு அது!

புகைதான் பெரிய எதிரி. பீடி சின்னது, ஒண்ணும் செய்யாது என்பது பொய். ஊறுகாய், அப்பளம், கருவாடு உள்பட எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள் தினமும் அரை மணி நேரமாவது வேகமாக நடக்கணும். 30 வயதைத் தாண்டியவர்கள் பிரஷர், சுகர் பார்த்துக்கொள்வது அவசியம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். பிரஷர் குறைந்து விட்டது என்று மாத்திரையை தானாக நிறுத்தக்கூடாது. குறைந்ததே அந்த மாத்திரையால்தான்.