பேர் ஏறாதவர்கள்: நுவரெலியா நகரின் தொடக்க காலம் பற்றிச் சில குறிப்புகள்

நுவரெலியா நகரின் வரலாற்றைப் பெரும்பாலானோர் ஒரு வேட்டையிலிருந்தே தொடங்குவர். 1826ஆம் ஆண்டளவில் யானை வேட்டைக்குச் சென்ற ஆங்கில இராணுவ அதிகாரிகள் சிலர் காட்டைப் பிளந்து வெளியேறியபோது, கண்ணெதிரே இந்தக் குளிர்ந்த சமவெளியைக் கண்டார்களாம். எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலின் வழியாக நிலைபெற்ற கதை இது. அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்னரே, 1819இல், டாக்டர் ஜோன் டேவி இவ்விடத்தைப் பார்த்திருக்கிறார். 1821இல் அச்சான தமது நூலில் இதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். ஆகவே ‘கண்டுபிடித்தவர்’ யார் என்பதில் ஆங்கிலேயருக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அந்த வழக்கைத் தீர்ப்பது என் நோக்கமன்று. கண்டுபிடிக்கப்பட்டது என்று சொல்லும்போதே யாரெல்லாம் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகிறார்கள் என்பதே என் கேள்வி.

மலையகத்தின் இந்தப் பகுதி உலகம் அறியாத காடாக இருந்ததில்லை. மொரோக்கோவிலிருந்து புறப்பட்ட பயணி இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலையில் ஏறினார். மலைக்குச் செல்ல பாவா வழி, மாமா வழி என இரண்டு பாதைகள் இருந்ததையும், ஏறுவோர் பிடித்துக்கொள்ளச் சங்கிலிகள் இருந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். டேவி வருவதற்கு 475 ஆண்டுகளுக்கு முன்னைய செய்தி இது. கண்டி இராச்சியத்தில் ‘மடிகே’ என்னும் போக்குவரத்துப் பகுதி இருந்தது. அதில் முஸ்லிம்கள் முக்கிய பங்கு வகித்தனர். கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் துணியையும் தவலம் மாடுகளின் முதுகில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்தார்கள். திரும்பும்போது பாக்கை ஏற்றிச் சென்றார்கள். துரைமார் கோப்பித் தோட்டம் போடுவதற்கு முன்பே கண்டிக் கிராமத்தவரின் வீட்டுத் தோட்டங்களில் விளைந்த கோப்பியை வாங்கிக் கரைக்கு அனுப்பியவர்களும் சோனக வியாபாரிகளே. மாட்டின் குளம்படி பட்ட தடங்கள் பல பின்னாளில் வண்டிப் பாதைகளாயின.

நுவரெலியாச் சமவெளி ஆறாயிரம் அடிக்கு மேலே உள்ளது. அங்கே நெல் விளையாது. அதனால் ஊர்கள் அதற்குக் கீழே கொத்மலை, வலப்பனை, ஊவாப் பக்கங்களில் இருந்தன. டேவி மேலே ஏறிய காலத்தையும் நாம் கவனிக்க வேண்டும். 1817-18 ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சி அடக்கப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. கிளர்ச்சியை அடக்கியபோது ஆங்கிலப் படை கிராமங்களை எரித்தது, பயிரை அழித்தது, கால்நடைகளைக் கைப்பற்றியது. டேவி அந்த இராணுவத்தின் வைத்தியர். ஒரு பகுதியின் வெறுமையைப் பற்றி எழுதுபவர், அதைச் சுற்றியிருந்த ஊர்கள் எப்படி வெறுமையாயின என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். அப்படிச் செய்யாதவிடத்து வெறுமை இயற்கையாகத் தோன்றிவிடும்.

1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் இங்கே தமக்கு ஒரு மாளிகை கட்டினார். இன்றைய கிராண்ட் ஹோட்டலின் முன்னோடி அதுதான். நோயுற்ற ஆங்கிலச் சிப்பாய்கள் குளிர்காற்றில் உடல் தேற ஓர் ஆரோக்கிய நிலையத்தையும் அவர் அமைத்தார். ஊர் என்று ஒன்று அதன்பின்தான் உருவானது. மாளிகைக்குப் பாதை வேண்டும். பார்ன்ஸ் காலத்து மலைநாட்டுப் பாதைகளை வெட்டியவர்களில் ஒரு பகுதியினர் இராசகாரியம் என்னும் கட்டாய உழைப்புக்கு இழுத்துவரப்பட்ட சிங்களக் குடியானவர்கள். இன்னொரு பகுதியினர் பயனியர் படையினர். அந்தப் படையில் தென்னிந்தியாவிலிருந்து திரட்டப்பட்டவர்கள் ஏராளம். 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபின் கூலிக்கு ஆள் சேர்ப்பது மேலும் பெருகியது. பாதை போட்ட பொறியியலாளர் தோமஸ் ஸ்கின்னரின் பெயரை நாம் அறிவோம். அவர் தம் வாழ்க்கையை ஒரு நூலாக எழுதினார், அது 1891இல் அச்சாயிற்று. பாறையை உடைத்தவன் எழுதவில்லை. அவனுக்கு எழுதத் தெரிந்திருந்தாலும் அச்சிட ஆளிருந்திருக்காது.

அடுத்து வருபவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில் ஆபிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புகழ்பெற்றவர் இவரே. 1848இல் இங்கிலாந்திலிருந்து குடும்பம், வேலையாட்கள், மாடுகள், கலப்பைகளுடன் வந்து நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தை நிறுவ முயன்றார். 1855 வரை தங்கினார். இலங்கையில் தாம் கழித்த எட்டாண்டுகளைப் பற்றி அவர் எழுதிய நூல் சுவையானது. வழியில் இறந்துபோன உயர்சாதிப் பசுவையும், மலைப்பாதையில் உருண்டு நொறுங்கிய குதிரை வண்டியையும், அதற்குக் காரணமான ஆங்கிலக் குதிரைக்காரனின் பெயரையும் அதில் காணலாம். அவருக்காகக் காடு வெட்டிய கூலிகள் பெயரின்றியே நிற்கிறார்கள். ஆயினும் பேக்கருக்கு ஒரு நன்றி சொல்லத்தான் வேண்டும். இந்தச் சமவெளியில் பழங்காலத்து நீர்க்கால்களின் தடங்களையும் மாணிக்கம் தோண்டிய குழிகளையும் கண்டதாக அவரே எழுதியிருக்கிறார். தாம் முதலாவது ஆள் அல்ல என்பதை அவர் மறைக்கவில்லை.

நகரங்களின் தொடக்கத்தை எழுதுவதில் இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் சிக்காகோ மாநகர் 1803இல் கட்டப்பட்ட டியர்போர்ன் கோட்டையிலிருந்து தோன்றியதாகவும், ஜோன் கின்சி என்ற வெள்ளையரே அதன் தந்தை என்றும் நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. ஆனால் கோட்டைக்கு முன்பே அந்த ஆற்றங்கரையில் வீடு கட்டி வியாபாரம் செய்தவர் ஷான் பாப்டிஸ்ட் புவான் து சாப்ல் என்னும் கறுப்பினத்தவர். அவருடைய மனைவி அந்த மண்ணின் பூர்வகுடியான பொட்டவாட்டமி இனத்துப் பெண். 1800இல் அவர் தமது உடைமையை விற்றபோது எழுதிய பத்திரம் பிழைத்துக் கிடந்தது. வீடு, களஞ்சியம், ஆலை, மாடுகள் என எல்லாம் அதில் பட்டியலாக இருந்தன. அவர் ஒரு வழிப்போக்கரல்லர், குடியிருந்தவர் என்பதற்கு அந்தக் கடதாசி சாட்சியாயிற்று. 2021இல் நகரின் புகழ்பெற்ற ஏரிக்கரைச் சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவருக்கு ஒரு பத்திரம் மிஞ்சியது. நம்மவர்களுக்கு என்ன மிஞ்சியது?

நம்மிடத்தில் பத்திரங்கள் எப்போதும் மற்றவர் கையிலேயே இருந்தன. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதாக்கியது. ஏக்கர் ஐந்து சிலிங் என்ற விலைக்குக் காணிகள் துரைமாருக்குக் கிடைத்தன. கோப்பி பரவிற்று. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் அதிக ஆள் தேவை. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்தவர்களில் பலர் பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினர். பலர் திரும்பவேயில்லை. கொள்ளைநோயிலும் பசியிலும் வழியிலேயே மாண்டனர். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அதற்கு இரண்டாண்டு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் தேயிலை மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டியது.

நுவரெலியா நகரமானதற்கும் ஹட்டன் நகரமானதற்கும் காரணம் இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே ஆண்கள் மட்டும் வந்து போவது போதாது. பெண்களும் பிள்ளைகளும் வேண்டும். லயம் கட்ட வேண்டும். லயத்தில் குடும்பம் இருந்தால் அரிசியும் கருவாடும் சேலையும் மண்ணெண்ணெயும் வேண்டும். மலையில் நெல் இல்லாததால் அரிசி கடல் கடந்து வந்தது. 1884இல் கோச்சி ஹட்டனைத் தொட்டது. 1885இல் நானுஓயா வரை ஏறியது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலையைக் குடைந்து பாதை போட வேண்டியிருந்தது. நிலையத்தில் இறங்கிய மூடைகள் மாட்டு வண்டியில் கடைக்கு வந்தன. சோனகரும் செட்டிமாரும் கரையோரச் சிங்கள வியாபாரிகளும் கடை திறந்தார்கள். 1873இல் இலங்கைத் துப்பாக்கிப் படை கலைக்கப்பட்டபின் அதிலிருந்த மலாய்க்காரர் பலர் பொலிசிலும் தோட்டங்களிலும் வேலைக்குச் சேர்ந்தனர். நுவரெலியாவின் பழைய கடைவீதியும் புதிய கடைவீதியும் இத்தகைய மனிதர்களால் நிரம்பியவை. சம்பள நாளில் தோட்டத்துச் சனங்கள் இறங்கி வராவிட்டால் அந்தக் கடைவீதிகளில் வியாபாரம் ஏது?

துரைமாருக்கு வேறொரு நுவரெலியா இருந்தது. 1852இல் தேவாலயம், 1876இல் ஹில் கிளப், 1889இல் கோல்ப் மைதானம், 1894இல் செங்கல் நிறத் தபாலகம். தேசாதிபதி வில்லியம் கிரகெரி 1873இல் ஓடையை மறித்துச் சதுப்பு நிலத்தை ஏரியாக்கினார். ஏரி இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. மண் சுமந்தவர் பெயரில் ஒரு வாய்க்கால்கூட இல்லை. ஆனால் இந்த ஆங்கில நகரம் தமிழில்தான் இயங்கியது. புதிதாக வரும் சின்னத்துரைமார் தமிழ் படிப்பதற்காக அச்சிட்ட கைநூல் ஒன்றின் தலைப்பே ‘இங்கே வா’ என்பதாகும். ஒரு சமூகம் இன்னொரு சமூகத்திடம் முதலில் கற்றுக்கொண்ட சொல் அது. அதற்குமேல் நான் என்ன விளக்க?

நான் தரம் ஏழு பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிப்பவன். கிரகெரி வாவியைப் பற்றிப் படிப்பித்தபோது ஒரு மாணவி எழுந்து, “சேர், அப்ப எங்க பாட்டன்மார் பேர் எதிலயும் ஏறலையா?” என்று கேட்டாள். ‘பேர்’ என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் ஒரு தனிப்பொருள் உண்டு. ஒரு நாள் வேலைக்குரிய சம்பளமே பேர். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர். செக்ரோல் புத்தகத்தில் பேர் ஏறினால்தான் அன்றைய உழைப்புக்குக் கணக்கு. அந்தப் பிள்ளை தெரிந்து கேட்டாளோ தெரியாமல் கேட்டாளோ, நூறு பக்கக் கட்டுரை சொல்ல வேண்டியதை ஒரு சொல்லில் சொல்லிவிட்டாள்.

உண்மையில் பேர் ஏறியது. கங்காணியின் கடன் கணக்கில் ஏறியது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தேவைப்பட்ட துண்டில் ஏறியது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. 1901 முதல் வந்தவர்களுக்குத் தோட்ட இலக்கமும் ஆள் இலக்கமும் பொறித்த தகரவில்லை தரப்பட்டது. கடனாளியாகவும் இலக்கமாகவும் பதியப்பட்டவன் குடியிருப்பாளனாக எங்கும் பதியப்படவில்லை.

இதன் விலை 1948இல் தெரிந்தது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டில் பிறந்தவனிடமே அவனுடைய தந்தையும் இங்கு பிறந்தாரா, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தார்களா என்று கேட்டது. வாய்மொழி போதாது, கடதாசி வேண்டும் என்றது. லயத்தில் பிறந்த பூட்டனுக்கு ஏது பிறப்புச் சாட்சிப் பத்திரம்? 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. உரிமை கிடைத்ததோ ஏறத்தாழ 1,34,000 பேருக்கு மட்டுமே. அந்தச் சட்டத்தின் வாசலில் தோட்டத் தொழிலாளியோடு, இந்தியாவிலிருந்து வந்து கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரியும் நின்றார் என்பதை நாம் மறக்கக் கூடாது. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. நாடற்றவர் பிரச்சினைக்குச் சட்டம் முழுமையான தீர்வைத் தந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில்தான். வரலாற்றில் எழுதப்படாத ஒருவனைச் சட்டத்திலிருந்து விலக்குவது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை.

ஆகவே ஊர் வரலாறு எழுதுவதை ஓய்வுநேரப் பொழுதுபோக்காக நான் கருதவில்லை. செய்யத்தக்க வேலைகள் நம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. ஒவ்வொரு தோட்டத்துக்கும் அலுவலகப் பெயர் ஒன்றும், சனங்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்றும் உண்டு. பழைய வழிகாட்டி நூல்களில் அத்தமிழ்ப் பெயர்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. வயதானவர்கள் இருக்கும்போதே அப்பெயர்களின் காரணத்தைக் கேட்டு எழுதலாம். பழைய செக்ரோல்கள் கறையான் தின்னுமுன் படியெடுக்கலாம். பள்ளிவாசல், கோயில், தேவாலயப் பதிவேடுகளிலும் மையவாடிக் கற்களிலும் உள்ள பெயர்களையும் ஆண்டுகளையும் மாணவர்களைக் கொண்டே திரட்டலாம். கடைவீதியில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்யும் குடும்பங்களின் கணக்குக் கொப்பிகளில் எந்தத் தோட்டத்துக்கு எத்தனை மூடை அரிசி போனது என்று இருக்கும். அதுவும் வரலாறுதான்.

2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியில் மீண்டும் ஒரு நடைபவனி நிகழ்ந்தது. மலையகத்தார் மட்டுமன்றிப் பல இனத்தவரும் மதத்தவரும் அதில் நடந்தார்கள். நடந்தது நல்லது. நடந்தவர்களின் கால் வலி சில நாட்களில் ஆறிவிட்டிருக்கும். எழுதி வைத்தால்தான் அடுத்த தலைமுறைக்குப் பேர் ஏறும்.