ஊர் ஓரத்து காலி மனையில் நிரந்தர வேளாண்மை: வீட்டுத்தோட்டக்காரர்களோடு சேர்ந்து செய்வது எப்படி?

பக்கத்து வயல் மனையாகிவிட்டதா? கல் நட்டு, நான்கைந்து வீடு எழும்பி, மீதி மனைகளில் பார்த்தீனியமும் சீமைக்கருவேலும் மண்டிக் கிடக்கிறதா? நகரத்தை ஒட்டிய பல கிராமங்களில் இன்று இதுதான் நிலை. விவசாயம் சுருங்குகிறதே என்று கவலைப்படும் அதே தெருவில், மாடியில் தொட்டி வைத்துக் கத்தரி வளர்க்கும் குடும்பங்களும் புதிதாக வந்திருக்கின்றன. அவர்களுக்கு ஆர்வம் உண்டு, அனுபவம் இல்லை. உங்களுக்கு அனுபவம் உண்டு, பக்கத்திலேயே வாங்கும் ஆள் இல்லை. இருவரும் சேர்ந்தால் காலி மனையும் விளையும், உங்கள் வருமானமும் கூடும்.

நிரந்தர வேளாண்மை என்றால் என்ன?

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பில் மோலிசன், டேவிட் ஹோம்கிரன் இருவரும் 1978-ல் எழுதிய நூலின் வழியாகப் பரவிய முறை இது. ஆங்கிலத்தில் 'பெர்மாகல்ச்சர்' என்பார்கள். காடு எப்படி யாரும் உரமிடாமல் தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறதோ, அதுபோல நிலத்தை அமைப்பதுதான் இதன் சாரம். மண்ணைப் பேணு, மக்களைப் பேணு, மிகுந்ததைப் பகிர்ந்துகொள் என்பவை இதன் மூன்று அடிப்படைகள். நம் பாட்டன்மார் கொல்லையில் வாழைக்குக் குளியல் தண்ணீரைத் திருப்பிவிட்டதும், குப்பைக்குழி வைத்ததும், வேலியில் அகத்தி நட்டதும் இதே வழிதான். ஆகவே பெயர் புதிது, வேலை பழையது.

யாரைத் தேடுவது, எங்கே தேடுவது?

- உழவர் சந்தையில் நாட்டு விதை, கீரை நாற்று கேட்டு வருபவர்கள். 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இன்று பல ஊர்களில் உண்டு. அங்கே கடை போடும் நாளில் விதைப் பொட்டலம் சிலவற்றையும் வையுங்கள். ஆள் தானாக வருவார்.
- சாணம், வைக்கோல், செம்மண் வாங்க உங்கள் வீட்டுக்கு வருபவர்கள். விற்று அனுப்புவதோடு நிற்காமல், என்ன பயிர் செய்கிறார்கள் என்று கேளுங்கள்.
- குடியிருப்போர் நலச் சங்கம். மனைகளின் உரிமையாளர் யார் என்ற விவரம் பெரும்பாலும் இவர்களிடம் இருக்கும்.
- வட்டாரத் தோட்டக்கலை அலுவலகமும் வேளாண் அறிவியல் நிலையமும். மாடித்தோட்டப் பயிற்சிக்கு வருபவர்களை அங்கேயே சந்திக்கலாம்.

முதல் சந்திப்பிலேயே நிலம் பற்றிப் பேச வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை உங்கள் வயலுக்குக் கூப்பிட்டு, வரப்பில் நடக்கவிட்டு, ஆளுக்கு இரண்டு விதை கொடுத்து அனுப்புங்கள். அடுத்த வாரம் திரும்பி வருபவர்தான் உங்களுக்கு ஏற்ற கூட்டாளி.

யார் எதைக் கொண்டுவருவது?

உங்கள் பங்கு: சாணம், கோமியம், வைக்கோல், நாட்டு விதை, பட்டம் பற்றிய அறிவு, கடினமான மண்வேலை. அவர்கள் பங்கு: சமையலறைக் கழிவு, தெருவில் உதிரும் இலை, தினமும் ஒரு மணி நேர நீர் ஊற்றல், விளைந்ததை வாங்கும் பத்து வீடு. தெருவில் கூட்டி எரிக்கும் இலைச்சருகு முழுவதும் உங்களுக்கு மூடாக்கு. அதை எரிக்காமல் மூட்டையில் கட்டித் தரச் சொன்னாலே பாதி உரச்செலவு குறையும்.

இடம் பேசும்போது கவனம்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மனை வைத்திருப்பவர் நாளைக்கே விற்கலாம், வீடு கட்டலாம். அப்போது உங்கள் ஓராண்டு உழைப்பு மண்ணோடு போகும். மறுபக்கம், சாகுபடி குத்தகைதாரர்களைக் காக்க 1955 முதலே தமிழ்நாட்டில் சட்டம் இருப்பதால், இடம் கைவிட்டுப் போய்விடுமோ என்று உரிமையாளர்களில் பலருக்கு அச்சம் உண்டு. இரண்டு பக்கத்து அச்சத்தையும் எழுத்து ஒன்றுதான் தீர்க்கும்.

- யார் இடம், எத்தனை சென்ட், எவ்வளவு காலம், விளைச்சலில் யாருக்கு என்ன பங்கு என்பதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்ய வேண்டும். வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிய பிறகே கையெழுத்து.
- இடத்தைக் காலி செய்யச் சொன்னால், நிற்கும் பயிரை அறுக்கும் வரை அவகாசம் உண்டு என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்.
- அடுத்தவர் மனையில் மா, தென்னை போன்ற நீண்ட கால மரம் வைக்காதீர்கள். கீரை, காய்கறி, பப்பாளி, வாழை போதும். மரங்களை உங்கள் சொந்த வரப்பிலும், கூட்டாளியின் வீட்டுக் கொல்லையிலும் வையுங்கள்.

பத்து சென்ட் மனையில் முதல் ஆண்டு

*சித்திரை, வைகாசி:* மனையில் சிமென்ட் கட்டி, ஓடு, கண்ணாடித் துண்டு இருக்கும். கைகளால் பொறுக்கி எடுங்கள். பல இடங்களில் 'வி' வடிவக் குழி எடுத்து, அரை அடி ஆழம் வரையுள்ள மண்ணைக் கலந்து மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள். கட்டட இடிபாடு கொட்டிய இடத்தில் காரத்தன்மை கூடியிருக்கும். பார்க்காமல் நட்டால் பயிர் மஞ்சளித்து நிற்கும்.

கோடை மழை பெய்யும்போது குடையோடு போய்த் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். பத்து சென்ட் என்பது சுமார் 400 சதுர மீட்டர். 5 செ.மீ. மழை பெய்தால் அதில் விழுவது 20,000 லிட்டர். அதைச் சாக்கடைக்கு விடாமல், சரிவுக்குக் குறுக்கே ஒரு அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, எடுத்த மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போடுங்கள்.

*ஆடி:* பலதானிய விதைப்பு. சோளம், கம்பு போன்ற தானியம், உளுந்து, தட்டைப்பயறு போன்ற பயறு, எள், ஆமணக்கு போன்ற எண்ணெய் வித்து, கொத்தமல்லி, கடுகு போன்ற மணப்பொருள், சணப்பு, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் பயிர் என எல்லாம் கலந்து பத்து சென்ட்டுக்கு இரண்டு கிலோ போதும். 50, 60 நாளில் பூக்கும்போது வெட்டி, அங்கேயே மடக்கிவிடுங்கள்.

*புரட்டாசி, ஐப்பசி:* வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு அடி உயர மேட்டுப்பாத்தி போடுங்கள். தாழ்ந்த மனையில் சமபாத்தி போட்டால் ஐப்பசி மழையில் வேர் அழுகும். பாத்தியில் கத்தரி, வெண்டை, கொத்தவரை, கீரை. வேலியோரம் அகத்தி, அதில் படர அவரை, பீர்க்கு. தினமும் பறிக்கும் கீரையும் கறிவேப்பிலையும் வாசல் பக்கம் இருக்கட்டும். வாரம் ஒரு முறை பார்க்கும் வாழை, பப்பாளி தள்ளி இருக்கட்டும்.

*வாழைக்குழி:* ஆறடி அகலம், இரண்டடி ஆழம் குழி எடுத்து, மேட்டில் நான்கைந்து வாழைக்கன்று நட்டு, குழியை இலை தழையால் நிரப்புங்கள். பக்கத்து வீட்டுக் குளியல் தண்ணீரை இதில் விடலாம். கீரைப்பாத்தியில் அந்தத் தண்ணீரை விடக் கூடாது. கழிவறைத் தொட்டிக்கு அருகில் கீரை போடவும் கூடாது.

*ஜீவாமிர்தம்:* பத்து சென்ட்டுக்கு 20 லிட்டர் நீர், ஒரு கிலோ நாட்டு மாட்டுச் சாணம், ஒரு லிட்டர் கோமியம், 200 கிராம் வெல்லம், 200 கிராம் பயறு மாவு, வரப்பு மண் ஒரு கைப்பிடி. நிழலில் வைத்துக் காலை மாலை கலக்கி, இரண்டு நாள் கழித்துப் பாசன நீருடன் விடலாம். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

விதையைக் காப்பாற்றுங்கள்

கூட்டாகத் தோட்டம் போடுவதில் பெரிய லாபம் விதைதான். ஆனால் சுரை, பூசணி, பீர்க்கு ஆகியவற்றைத் தேனீ கலந்துவிடும். ஆகவே ஒரு வீட்டுக்கு ஒரு ரகம் என்று பிரித்துக்கொள்வது மட்டும் போதாது. பக்கத்துப் பக்கத்து வீடுகள் எல்லாம் ஒரே ரகச் சுரையைப் போட்டு, அடுத்த ஆண்டு ரகத்தை மாற்றுங்கள்.

கூட்டு நிலைக்க

மாதம் ஒரு முறை எல்லோரும் தோட்டத்திலேயே உட்காருங்கள். வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி எல்லோர் முன்னும் படியுங்கள். மண்வெட்டி பிடிக்காதவரைக் குறை சொல்லாதீர்கள், அவருக்கு விற்பனைக் கணக்கைக் கொடுங்கள். சான்று வாங்காமல் 'சான்று பெற்ற இயற்கை விளைபொருள்' என்று எழுதி விற்காதீர்கள். 'எங்கள் தெருத் தோட்டத்துக் காய், வந்து பாருங்கள்' என்றாலே வாங்குவார்கள்.

முதல் ஆண்டில் பெரிய பணம் வராது. ஆனால் உங்கள் வயலைச் சுற்றி, விவசாயம் இங்கே இருக்க வேண்டும் என்று சொல்லும் பத்துக் குடும்பம் சேர்ந்திருக்கும். நாளைக்கு உங்கள் வாய்க்காலை அடைத்து யாராவது சுவர் எழுப்பினால், கேட்க நீங்கள் மட்டும் தனியாகப் போக வேண்டியதில்லை. இந்த ஆடிக்குள் ஒரு மனை, இரண்டு குடும்பம் என்று தொடங்குங்கள்.