வாசனைக் கப்பல்கள் – 9: சோழர் கொண்டுபோன கண்ணாடித் தட்டு

போன வாரம் ஜவ்வாது மலைச் சந்தனக் காட்டில் நின்றோம். சந்தனக் கட்டையைக் கோணியில் கட்டிக்கூட அனுப்பிவிடலாம். பன்னீர் அப்படியா? அதற்குக் குப்பி வேண்டும்.

1077. சீனத் தலைநகர் கைஃபெங். சோழநாட்டுத் தூதர்கள் முத்தையும் கற்பூரத்தையும் ஏந்திப் படியேறி, மண்டியிட்டு, சோங் பேரரசர் ஷென்சோங்கின் முன் தூவுகிறார்கள். சோங் அரசின் வரலாற்றில் அவர்கள் கொண்டுவந்த காணிக்கைப் பட்டியல் இருக்கிறது. தந்தம், காண்டாமிருகக் கொம்பு, பெருங்காயம், கிராம்பு. அவற்றோடு பன்னீர். கூடவே, பெரிய கண்ணாடித் தட்டு ஒன்று!

அந்தத் தட்டு நம்மூர்ச் சரக்கா? அரிக்கமேட்டில் கண்ணாடி மணி செய்தவர்கள்தான் நாம். ஆனால் மணி வேறு, பாத்திரம் வேறு. அந்தக் காலத்தில் கண்ணாடிப் பாத்திரத்துக்குப் பேர்போனவர்கள் பாரசீகத்தாரும் அரபு நாட்டாரும். கனமாக ஊதி, மெல்ல ஆறவிட்டு, சுழலும் சக்கரத்தில் ஈரமான குருந்தப் பொடியிட்டுப் பட்டை தீட்டுவார்கள். பூவும் பறவையும் புடைத்து நிற்க வேண்டுமானால், சுற்றியுள்ள கண்ணாடியை எல்லாம் தேய்த்தே எடுக்க வேண்டும். கை கொஞ்சம் அழுந்தினால் விரிசல். அத்தனை நாள் உழைப்பும் பாழ்.

இப்படிப் பட்டை தீட்டிய குப்பி ஒன்று, 1018இல் இறந்த லியாவ் வம்சத்து இளவரசி சென்னின் கல்லறையில் கிடைத்தது. 1986இல் உள்மங்கோலியாவில் தோண்டியெடுத்தார்கள். அரபுப் பன்னீரைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி மெழுகால் அடைத்தாலும் பல அடி தூரம் மணக்கும் என்று சீனர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆகவே சோழர் கொண்டுபோன பன்னீரும் கண்ணாடித் தட்டும் மேற்குக் கடலைத் தாண்டி வந்து, நம் துறைமுகத்தில் கைமாறிக் கிழக்கே போனவை என்பது என் ஊகம்.

லாபம்? பேரரசர் திருப்பிக் கொடுத்தது 81,800 சரம் செப்புக்காசு, 52,000 லியாங் வெள்ளி. காணிக்கை என்பது பேருக்குத்தான். நடந்தது சுத்தமான வியாபாரம்.

தூது அனுப்பிய அரசன் பெயரைச் சீனர்கள் ‘தி-ஹுவா-சியா-லோ’ என்று எழுதினார்கள். ‘தேவ குலோ...’ என்று படித்து, முதலாம் குலோத்துங்கன்தான் என்றார்கள் ஆய்வாளர்கள். கணக்குச் சரியாகத்தான் வந்தது, குவாங்சோ நகரத்துத் தாவோ கோயில் கல்வெட்டைப் பார்க்கும்வரை.

ஆண்டு 1079. கோயிலைப் புதுப்பிக்கப் பணம் தந்தவர் பெயரும் அதே தி-ஹுவா-சியா-லோ. ஆனால் கல்வெட்டு அவரைச் சோழ மன்னன் என்று சொல்லவில்லை. ஸ்ரீவிஜயத்தின் அதிபதி என்கிறது. 1025இல் குலோத்துங்கனின் தாய்வழித் தாத்தா ராஜேந்திரன் படையெடுத்துச் சூறையாடிய அதே ஸ்ரீவிஜயம்!

அப்படியானால் அந்தக் கண்ணாடித் தட்டைக் கப்பலேற்றியது யார்?

(தொடரும்)