அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு விடுதல்: மணிமங்கலம்

அடுக்குமாடியில் வீடு ஒருவருடையது; ஆனால் நிலம், படிக்கட்டு, மின்தூக்கி, தண்ணீர்த் தொட்டி எல்லாருக்கும் பொது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 இந்தப் பொது உரிமையை வரையறுக்கிறது. வாடகைக்கோ, 22.2.2019 முதல் நடைமுறையிலுள்ள 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பொருந்தும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. உரிமையாளரின் எழுத்துச் சம்மதமின்றி உள்வாடகைக்கு விட முடியாது.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளை நம்பி வருவோர் ஒரே வீட்டைப் பலராகப் பகிரும் மணிமங்கலம் பகுதியில் இந்த உள்வாடகை விதி மிக முக்கியம். வாடகைத் தகராறுக்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது சட்டவிரோதம்.